கீமோ நடக்கும்போது என்ன சாப்பிடக் கொடுப்பது? ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள்

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ போகிறது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. சிவப்பு மருந்து என்று சொல்வார்களே, அதுதான். வீடு கடலூரில், சிகிச்சை புதுச்சேரியில். டாக்டர் நல்ல மனிதர். ஆனால் ஓ.பி. கூட்டத்தில் சாப்பாடு பற்றி நிதானமாகக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. "நல்லா சாப்பிடுங்கம்மா, புரோட்டீன் சேர்த்துக்கோங்க" என்றார், அதோடு அடுத்த சீட்டு.

வீட்டுக்கு வந்தால் வேறு கதை. சர்க்கரை போட்டால் கட்டி வளரும் என்கிறார் பெரியம்மா. பால் ஆகாது என்கிறார் சித்தப்பா. கோழி, முட்டை, மீன் மூன்றும் சூடு என்கிறார் எதிர்வீட்டு அக்கா. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, இப்போது அம்மா கேழ்வரகுக் கஞ்சியும் பப்பாளி இலைச் சாறுமாக இருக்கிறார். ரவிக்கை எல்லாம் தொளதொள என்றாகிவிட்டது.

இன்னொன்று. மாசி மகம் வருகிறது. தேவனாம்பட்டினத்தில் சாமி கடலுக்கு வருவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டிப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமருந்து

நான் புதுச்சேரியில் புற்றுநோய் வார்டில் செவிலியர். டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்த எடை. மற்றதெல்லாம் அப்புறம். கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆள் இளைத்துக்கொண்டே போனால் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டி வரும், ரத்த அணுக்கள் எழும்புவதும் தாமதமாகும். அந்த அணுக்களின் கவுன்ட் எழும்பவில்லை என்றால் அடுத்த சைக்கிள், அதாவது அடுத்த சுற்றுக் கீமோ, தள்ளிப்போகும். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் உறவினர்களுக்கு இது தெரியாது. அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், பயத்தில் சொல்கிறார்கள்.

சர்க்கரை விஷயம். புற்றுநோய் செல் குளுக்கோஸை நிறைய எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் நாம் காபியில் சர்க்கரை போடவில்லை என்பதால் கட்டி பட்டினி கிடக்காது. சோறு, இட்லி, கேழ்வரகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பு அதைக் குளுக்கோஸாக்கிவிடும். ஒன்றுமே சாப்பிடாவிட்டால் தசையைக் கரைத்துச் செய்துகொள்ளும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் கதை வேறு. கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும், அந்த நாட்களில் வீட்டிலேயே குத்திப் பார்ப்பது நல்லது.

புரதம் எவ்வளவு? எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, தினமும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே குடித்து இந்தக் கணக்கைத் தொடவே முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு புரதத்தைக் கூட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒரு தட்டுச் சோற்றை வைத்து "சாப்பிடு, சாப்பிடு" என்று நிற்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாக. தாளிக்கும் வாசனைக்கே சிலருக்குக் குமட்டும், அப்போது ஆறிய சாப்பாடு இறங்கும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடுவதில் பயனில்லை, எழுதிக் கொடுத்த நேரப்படி போட்டுவிட வேண்டும். அப்புறம், சிவப்பு மருந்து போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம்.

ஓ.டி.காரன்

மீன் சூடா? எங்கள் முதுநகர்ப் பக்கம் வந்து அந்த அக்காவைச் சொல்லச் சொல்லுங்கள், திரும்பிப் போக மாட்டார்.

எனக்குத் தொண்டையில். கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே வாரா வாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. பாதி வழியிலேயே வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போய், சாதம் பஞ்சு மாதிரி உள்ளேயே உருளும். அப்போது என்னைத் தாங்கியது மீன்தான். துறைமுகத்தில் விடியற்காலையில் இறங்குகிற பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, மிளகாய் இல்லாமல், புளி இல்லாமல், குழைந்த சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து தருவாள் வீட்டுக்காரி. சங்கரா, கிழங்காவும் நல்லதுதான், முள் பார்த்து எடுக்க வேண்டும். அதுவும் முடியாதபோது மீன் வேகவைத்த தண்ணீரிலேயே நொய்க் கஞ்சி. கருவாட்டை மட்டும் கிட்டே சேர்க்கவில்லை, அந்த உப்பு புண்ணில் பட்டால் உயிர் போகும்.

வாய் கொப்பளிக்க: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன்பும். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கும்.

தலை, கழுத்தில் கரன்ட் வைக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஆரம்பிப்பதற்கு முன்பே பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் முன்பே பிடுங்கி ஆறவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கரன்ட் வைக்கும் இடத்தைக் குறிக்கத் தோலில் போட்ட மையை அழிக்காதீர்கள். அந்த இடத்தில் விபூதி, மஞ்சள், பவுடர் எதுவும் பூசாதீர்கள். எனக்கு முருங்கைப்பூ நிறத்தில் இருந்த கழுத்து கடைசி வாரத்தில் கருத்துவிட்டது, பிறகு தானாகவே உரிந்து மாறியது.

மூலிகைத்தோட்டம்

எல்லோரும் ஆங்கில மருத்துவம் சொன்னதையே சொல்கிறீர்கள். கீமோ என்பதே விஷம். அதன் சூட்டைத் தணிக்க நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. பப்பாளி இலை பிளேட்லெட்டை ஏற்றும். முள்ளு சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோய்க்கே மருந்து என்கிறார்கள். மஞ்சள் கேப்ஸ்யூல் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பெரியம்மாவை முட்டாள் என்பது போலப் பேசாதீர்கள். அவர்களிடம் அனுபவம் இருக்கிறது.

ஊசிமருந்து

ஐயா, பெரியம்மாவை யாரும் முட்டாள் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், ஏனென்றால் வார்டுக்கு வருகிறவர்களில் பலரின் பையில் இவை இருக்கும், எங்களிடம் சொல்லத்தான் மாட்டார்கள்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. நம் கடற்கரை மணலில், சுடுகாட்டு ஓரத்தில் எல்லாம் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்கு இன்றும் அது முக்கியமான மருந்து. ஆனால் ஒரு முறைக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. அளவு கூடினால் நரம்பு போகும், உயிரும் போகும். அந்தச் செடியின் இலையை யாராவது வீட்டில் அரைத்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்? என் கவலை அதுதான்.

குழம்பில் போடும் மஞ்சள், ரசத்தில் போடும் மிளகு பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கேப்ஸ்யூல் வேறு. அதில் பல மடங்கு செறிவு, உடம்பில் ஏறுவதற்கென்றே மிளகுச் சத்து வேறு சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கீமோ மருந்துகளில் பலவற்றை உடைப்பதும் அதே கல்லீரல்தான். நடுவில் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு ஏறியிருந்தால் கீமோவாலா, கேப்ஸ்யூலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் டாக்டர் சைக்கிளைத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிடும். பம்பளிமாஸ் பழமும் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றும், கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

பப்பாளி இலை டெங்கு காலத்தில் பரவிய பழக்கம். கீமோவில் பிளேட்லெட் குறைவதற்குக் காரணம் எலும்பு மஜ்ஜை தற்காலிகமாக அடங்கிப்போவது. மஜ்ஜை எழுந்தால் தானாக ஏறும், மிகவும் குறைந்தால் பிளேட்லெட் ஏற்றுவார்கள். வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் பச்சை இலையை அரைத்து அப்படியே குடிப்பது, அந்த இலையில் இருக்கும் கிருமியையும் சேர்த்துக் குடிப்பதுதான். முள்ளு சீத்தாவில் நரம்புக்குக் கேடு செய்யும் பொருள் இருக்கிறது, மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக ஆதாரம் இல்லை.

எதையாவது கொடுத்தே தீருவேன் என்றால், அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

மூலிகைத்தோட்டம்

நித்தியகல்யாணி விஷயம் எனக்குத் தெரியாது. பச்சைச் சாறு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மற்றதில் என் கருத்து வேறு.

வில்லியனூர் அக்கா

சாப்பாடு பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் காய்ச்சல் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில். ஒரு சைக்கிள் முடிந்து இரண்டாவது வாரம் இரவில் உடம்பு கதகதவென்று இருந்தது. அவர் "வெயில்ல போனேன், ஒண்ணுமில்ல, ஒரு பாராசிட்டமால் குடு" என்கிறார். நல்லவேளை, கீமோ வார்டில் கொடுத்த தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். 100.4க்கு மேல் போனால் நேரம் காலம் பார்க்காமல் வர வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. தெர்மாமீட்டரில் 101. ஆட்டோ பிடித்துப் போனோம். வெள்ளையணு தரைமட்டத்தில் இருந்தது. ஊசி மருந்து உடனே ஏற்றினார்கள். ஒரு வாரம் கிடந்து வந்தார். மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதனால் கெடிலக்கரைத் தம்பி, ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், இன்றைக்கே. கையை வைத்துப் பார்ப்பதெல்லாம் கணக்கில்லை. பார்க்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் காட்டாவிட்டாலும் கிளம்புங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்கு மேல். இரவில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் போக யார் வண்டி கிடைக்கும் என்று முன்பே பேசி வையுங்கள். கீமோ ஃபைல், கடைசி ரத்த ரிப்போர்ட், ஆதார், ஒரு லுங்கியோ நைட்டியோ எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். அவ்வளவு தூரம் போக முடியாத நிலை என்றால் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே நுழைந்ததும் "கீமோ ஓடுகிறது, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சும்மா காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆக்சலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்தது எதுவும், பானைத் தண்ணீர்கூட ஆகாது. என் வீட்டுக்காரர் மறந்துபோய் ஃபிரிட்ஜில் கையை விட்டுவிட்டு ஷாக் அடித்தது போலக் கத்தினார். ஊசி போட்ட முதல் சில நாள் வெதுவெதுப்பான தண்ணீர்தான். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை, சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உள்ளங்கால் சிவந்து வெடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர வேண்டாம்.

கெடிலக்கரை

அக்கா, தெர்மாமீட்டர் வாங்கியாகிவிட்டது. பால், முட்டை திரும்ப ஆரம்பித்தாயிற்று. பெரியம்மாவிடம் "டாக்டர் சொன்னார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், செவிலியர் சொன்னார் என்றால் எடுபடாது. (ஊசிமருந்து அக்கா மன்னிக்க.)

அம்மாவுக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் என்றால் வாய் கேட்கிறது. கொடுக்கலாமா? தயிர்? மாசி மகத்துக்கும் பதில் வரவில்லை.

ஊசிமருந்து

டாக்டர் பெயரில் சொல்வதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது.

மருந்து ஏற்றிய நாளை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். வெள்ளையணு பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில்தான் அடிமட்டத்துக்குப் போகும், பிறகு ஏறும். ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் எண்ணிக்கை என்று இருக்கும், அது வெள்ளையணுவில் ஒரு வகை. 1500க்குக் கீழே போனால் குறைவு. 500க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த வாரத்தில் பழைய சோறு வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறும் சோற்றில் எது வளர்ந்தது என்று பார்க்க முடியாது. தயிருக்குக் காய்ச்சிய பாலில் அன்றன்றைக்கு உறை ஊற்றியது என்றால் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள், சில இடங்களில் கவுன்ட் குறைந்த நாட்களில் வேண்டாம் என்பார்கள். உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. முன்பு பச்சைக் காய், பழம் எதுவுமே கூடாது என்று கறாராக இருந்தோம். அப்படி முழுக்க நிறுத்தியதால் தொற்று குறையவில்லை என்று ஆய்வுகளில் தெரிந்தபின், இப்போது பல ஆஸ்பத்திரிகளில் நன்றாகக் கழுவு, தோல் உரி, வேகவை, சூடாகச் சாப்பிடு என்பதோடு விடுகிறார்கள். வாழைப்பழம், ஆரஞ்சு நீங்கள் கையைக் கழுவிவிட்டு உரித்துக் கொடுங்கள். அரைவேக்காட்டு முட்டை, தெருவோரத்தில் வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, கரும்புச் சாறு வேண்டாம்.

மாசி மகம் எந்த நாளில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது வாரம் என்றால், கவுன்ட் எழும்பியிருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாஸ்க் போட்டுக் கூட்டிப் போகலாம். அந்த நெரிசலுக்குள் வேண்டாம், தள்ளி நின்று பார்த்துவிட்டு வரட்டும். மருந்து ஏற்றக் கையில் செருகிய குழாயான பிக் லைனோ, தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் இன்னும் ஊசியோ இருந்தால் கடலில் இறங்கவே கூடாது. இரண்டாவது வாரத்தில் விழுந்தால் இந்த வருஷம் டிவிதான்.

முந்திரிக்காடு

பண்ருட்டி. எனக்கு நிணநீர்ப் புற்றுநோய், சிகிச்சை முடிந்துவிட்டது.

"உடம்பை அலட்டிக்காதே, படு" என்று எல்லோரும் சொல்வார்கள். கீமோ களைப்பு படுத்தால் போகிற களைப்பு இல்லை, படுக்கப் படுக்கக் கூடும். வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நடங்கள் என்றார்கள். ஆரம்பத்தில் வாசலிலிருந்து தெருமுனை வரை போய் வருவதே பெரிய காரியமாக இருந்தது. பிறகு கூடியது. கடலூரில் சில்வர் பீச், காலை வெயிலுக்கு முன்பு. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு பீச் ரோடு இருக்கிறது, மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். காய்ச்சல், தலைச்சுற்றல், பிளேட்லெட் மிகவும் குறைந்த நாள், இதிலெல்லாம் நடக்க வேண்டாம். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து போடுகிறவர்களுக்குக் கால் மரத்துப்போகலாம். மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், குத்தினாலும் தெரியாது.

தூக்கம் வரவில்லை என்றால் டெக்ஸா மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

அரியாங்குப்பம் டெய்லர்

ஒரு கேள்வி. என் தங்கைக்குக் கீமோ. மாமியார் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். குழந்தையைக் கிட்டே விடுவதில்லை. பாத்ரூமையும் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். இது சரியா?

ஊசிமருந்து

தட்டும் டம்ளரும் சரியில்லை. புற்றுநோய் தொற்றாது. எச்சிலால் வராது, மூச்சால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது. குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளட்டும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல், அம்மை இருந்தால் மட்டும் தள்ளி இருக்க வேண்டும், அதுவும் தங்கையைக் காப்பாற்றத்தான்.

பாத்ரூமில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மருந்து ஏற்றிய பிறகு ஏறக்குறைய 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து வெளியேறும். மூடியைப் போட்டு இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம். பிறகு ஒதுக்க ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கிற மற்றவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டால் தங்கைக்கு அதுவே பெரிய உதவி. தங்கைக்கு எந்தத் தடுப்பூசி என்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான், உயிருள்ள கிருமித் தடுப்பூசி கீமோ நேரத்தில் கூடாது.

அரியாங்குப்பம் டெய்லர்

நன்றி மேடம். இதை அப்படியே அவர்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் போடுகிறேன், என்ன சண்டை வந்தாலும் வரட்டும். அடுத்து அடையாறில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை.

ஓ.டி.காரன்

பஸ் வேண்டாம் தம்பி, ரயிலில் போங்கள். புற்றுநோய் நோயாளிக்குச் சிகிச்சைக்கோ, செக்கப்புக்கோ போவதென்றால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. ரயில்வே படிவம் ஒன்று இருக்கிறது. அதில் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுன்டரில் கொடுக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கே கையெழுத்தை வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு நாள் போகும்.